கடிதத் தகப்பனார்

சனிக்கிழமை காலை வேளைகளில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துப் பஃபலோ சாலையில், பூக்கடைக்கும் காய்கறிக்கடைக்கும் நடுவே, எதையும் வாங்காமல், சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுப்பதும் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுமாக, தெரிந்த முகம் ஒன்று அகப்படாதா என்று ஏக்கத்தோடு நிற்கும் கனவான் ஒருவரை நீங்கள் பார்த்திருந்தால், அவர்தான் நான் இங்கே வர்ணிக்கப்போகும் கடிதத் தகப்பனார். அவருடைய மகனுக்கோ மகளுக்கோ தூரதேசத்துச் சர்வகலாசாலை ஒன்றில், கேட்ட மாத்திரத்தில் எவருக்கும் விளங்காத ஒரு விசேஷப் படிப்பில் மேற்பட்டம் பயில இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவம், சட்டம் என்றால் ஒரே வார்த்தையில் விஷயம் முடிந்துபோகும்; விளங்காத படிப்பானால் விளக்கலாம் அல்லவா?

எனக்குப் பழக்கமான தகப்பனாரின் மகள், நெதர்லாந்தில் உள்ள வாகனிங்கன் சர்வகலாசாலையில், தாவர விஞ்ஞானத்தில், அதிலும் கண்ணாடிக் குடில்களில் பயிர் வளர்க்கும் பிரிவில் சேரப்போகிறாள். 1876இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி 1918இல் உயர்கல்வி அந்தஸ்துப் பெற்ற அந்த ஸ்தாபனம் உலகப் பிரசித்தமானதுதான். ஆனால் தேக்காவில் அதன் பெயர் பட்ட பாடு கொஞ்சமல்ல. "வண்டி ஓட்டப் படிக்கவா அண்ணே அம்புட்டுத் தூரம் அனுப்புறீங்க? இங்கேயே லைசென்ஸ் எடுக்கலாமே!" என்று பூக்கட்டும் அம்மாள் கேட்டுவிட்டாள். அன்று முதல் அவர் அப்பெயரின் நடுவெழுத்தை டச்சுக்காரர்களைப் போலத் தொண்டையைக் காறி உச்சரிக்கத் தொடங்கினார். கேட்டவர்கள் இருமல் மருந்து சிபாரிசு செய்தார்கள்.

பிரஸ்தாபத்தைத் தாமாக ஆரம்பிக்காமல் எதிராளியே கேட்கும்படி செய்வதில்தான் அவருடைய சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது. "தம்பி, நல்ல கம்பளிச் சட்டை முஸ்தபா கடையில் கிடைக்குமா?" என்பது அவர் போடும் தூண்டில். பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே, வியர்வையில் நனைந்துகொண்டு கம்பளியைத் தேடுகிற மனிதரிடம் ஏன் என்று கேட்காமல் யாரால் இருக்க முடியும்? கேட்டவர் கெட்டார். கைப்பேசி வெளியே வரும். அதிலுள்ள அனுமதிக் கடிதம் விரலால் பெரிதாக்கப்படும். மகளின் பெயரும் சர்வகலாசாலையின் சின்னமும் சாவகாசமாகக் காண்பிக்கப்படும். இளங்கலைத் தேர்வில் தேறினால்தான் அனுமதி செல்லும் என்ற நிபந்தனை அடங்கிய பத்தியின்மேல் மட்டும், தற்செயலாக அமர்ந்ததுபோல், அவருடைய பெருவிரல் அமர்ந்திருக்கும்.

அப்புறம் சரித்திரம். 1945 மே 5ஆம் தேதி, நெதர்லாந்தில் இருந்த ஜெர்மானியப் படைகளின் சரணாகதி பேசப்பட்டது அந்த ஊர் ஹோட்டல் ஒன்றில்தான் என்றும், அப்போது நம் சிங்கப்பூர் இன்னும் ஜப்பானியர் பிடியில் இருந்தது என்றும், ஏதோ அந்த வெற்றியில் தம் குடும்பத்துக்கும் பங்கிருப்பதுபோல் சொல்லுவார். அதற்கடுத்தது தேசசேவை: நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி, 2030க்குள் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்று 2019இல் அரசாங்கம் இலக்கு வைத்தது, அதற்கு யார் போவது? அந்த இலக்கு பிற்பாடு திருத்தப்பட்டதை எடுத்துச் சொல்லும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை.

துணிவுள்ளவர் ஒருவர் அவர் வீட்டிலேயே இருக்கிறார்: அவருடைய தகப்பனார். தஞ்சாவூர்ச் சீமையில் ஏர் பிடித்துச் சலித்து, இனிச் சேற்றில் கால் வைப்பதில்லை என்ற சங்கல்பத்தோடு ரஜுலா கப்பலேறி வந்த கிழவர், கடிதத்தை முழுவதும் வாசிக்கக் கேட்டபின் சொன்னாராம்: "எந்தப் பொழைப்பு வேணாமுன்னு நான் ஓடியாந்தேனோ, அதைப் பணங்கட்டிப் படிக்க அனுப்புறியாடா?"

மகளோ வாய் திறப்பதில்லை. பதினோராவது மாடியில் பிறந்து வளர்ந்த அவளுடைய முதல் சாகுபடி, வீட்டு வாசலில் தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி. நடைபாதையை அடைக்கிறது என்று மூன்று வருஷம் அதை வைதுகொண்டிருந்த தகப்பனார், இப்போது வருகிறவர்களை அதன் முன்னே நிறுத்தி, "ஆரம்பகால ஆராய்ச்சி" என்கிறார். இலை கிள்ளுவதற்கு அவளுடைய தாயாருக்குக்கூட அனுமதி இல்லை. ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையிலிருந்து வருகிறது.

ஆகவே வாசகர்களே, வருகிற சனிக்கிழமை பஃபலோ சாலையில் யாராவது உங்களிடம் கம்பளிச் சட்டையைப் பற்றி விசாரித்தால், கிடைக்கும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நான் ஏன் என்று கேட்டேன். வஞ்சிர மீன் வாங்கப் போனவன், மீன்காரர் பலகையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சந்தைக்குள் நுழைந்தேன்.