நிரந்தர அக்கா

தெருவுக்கு ஒருத்தி இருப்பாள். வயது நாற்பதுகளில் எங்கோ. எந்த இடத்தில் என்பது அவளுக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். காய்கறி வண்டிக்காரர் கீழே நின்று "யக்கா" என்று குரல் கொடுத்தால், வெண்டைக்காய் முற்றியிருந்தாலும் அரைக் கிலோ வாங்குவாள். மறுநாள் அதே வண்டியில் அவர் மகன் வந்து "ஆன்ட்டி, காய் வேணுமா?" என்று கேட்டால், அன்று வீட்டில் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும்தான்.

அடுக்ககத்துப் பையன்களுக்கு இது கிரிக்கெட் விதிகளில் ஒன்று. பந்து அவள் பால்கனியில் விழுந்தால் "அக்கா" என்றுதான் கத்த வேண்டும். ஒருமுறை ஒருவன் வாய்தவறி "ஆன்ட்டி, பால்!" என்று கத்திவிட்டான். "பால் தீந்துபோச்சு, மோர்தான் இருக்கு" என்று மேலிருந்து பதில் வந்தது.

சின்னப் பிள்ளைகளையாவது மன்னித்துவிடுவாள். புதிதாகக் குடிவந்த தாடிக்கார ஐடி இளைஞனைத்தான் மன்னிக்க முடியவில்லை. வயது 28. லிஃப்டில் வைத்து மடக்கினாள்.

"தம்பி, உங்கம்மாவுக்கு என்ன வயசு?"

"அம்பத்தி நாலு, ஆன்ட்டி."

"அப்ப நானும் அவங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம்ங்கறியா?"

அன்றிலிருந்து அவன் மாடிப்படியில்தான் போய்வருகிறான். அதற்காக அவள் தன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாள் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் மாடியிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை அவளுக்கு வாய் நிறைய 'ஆன்ட்டி'தான். ஆசிரியையும் சளைத்தவரல்ல. "சொல்லுங்க சிஸ்டர்" என்பார், பல்லைக் கடித்தபடி.

உறவுமுறை என்றால் ஆட்சேபமே கிடையாது. அண்ணனுக்குப் பெண் பிறந்தபோது இவளுக்கு வயது பத்து. பாவாடை சட்டையோடு அத்தைப் பதவியை ஏற்று, மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டவள்தான். பிறப்பால் வருகிற பட்டம் வயதைக் காட்டிக்கொடுக்காது. தெருவில் போகிறவன் முகத்தைப் பார்த்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் உரக்கச் சொல்கிறானே, அதுதான் சுடுகிறது. ஆண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 22 வயதில் வேலையில் சேர்ந்த அன்று 'சார்' ஆகிறவர் 80 வரை சார்தான். 'மேடம்' இருக்கிறதே என்பீர்கள். அது வங்கிக்குள் செல்லும், கீரைக்கட்டு வாங்குகிற இடத்தில் செல்லாது.

ஊர் மாறினால் கணக்கும் மாறிவிடும் என்பது இன்னொரு கூத்து. இவளுக்குப் பிறந்த ஊர் பாளையங்கோட்டை. திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் ஆச்சி என்றால் பாட்டி. நகரத்தார் வீடுகளிலோ கூடப்பிறந்த அக்காளே ஆச்சிதான், மணமான பெண்களுக்கு மரியாதையும் அதுதான். பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமா தமிழ்நாட்டுக்கே ஆச்சி ஆனது அந்தச் செட்டிநாட்டு வழக்கில். இது எதுவும் தெரியாமல் இவளுடைய தங்கை 30 வயதில் வங்கி மாற்றலில் காரைக்குடிக்குப் போனாள். முதல் நாளே கவுண்ட்டரில் ஒரு பெரியவர், "ஆச்சி, பாஸ்புக்ல என்ட்ரி போட்டுக் குடுங்க" என்றார். ராத்திரி போனில் ஒரே அழுகை. "யக்கா, எனக்கு நரை தெரியுதாக்கா?" கோயம்புத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்தால் காலம் பூராவும் 'அம்மணி'யாகவே இருந்திருக்கலாமே என்று அக்காளும் தங்கையும் அன்று நெடுநேரம் ஏங்கினார்கள்.

அவளுக்குத் தீராத பகை ரயில்வேயோடுதான். 45 வயது நிறைந்த பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. மகள் டிக்கெட் போடும்போது, "வயசு என்னம்மா போடறது?" என்று கேட்டாள். முழங்கால் ஒன்று சொல்லிற்று, மனசு வேறொன்று சொல்லிற்று. மனசுதான் ஜெயித்தது. 42 என்று போட்டாள், மேல் பெர்த் கிடைத்தது. சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை ராத்திரி முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாகப் போய்ச் சேர்ந்தாள். கீழ் பெர்த்தில் ஒருத்தி காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். "பார்க்கச் சின்னவளாத்தான் இருந்தா. வயசை மறைக்கத் தெரியல, பாவம்" என்று மறுநாள் தங்கையிடம் அனுதாபப்பட்டாள். முன்பெல்லாம் பெட்டியின் கதவருகே பேரும் வயதுமாகச் சார்ட் ஒட்டி, பிளாட்பாரத்தில் நிற்கிறவன் அத்தனை பேரும் வாசிக்கும்படி வைத்திருந்தார்கள். அதை நிறுத்தியதுதான் ரயில்வே செய்த ஒரே நல்ல காரியம் என்பது அவள் கட்சி.

இந்த நோய்க்கு மருந்து தி.நகரில் கிடைக்கிறது. ஜவுளிக்கடை விற்பனையாளர்களுக்கு யாரும் பாடம் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் 15 வயதுப் பெண் வந்தாலும் 75 வயதுப் பாட்டி வந்தாலும் "வாங்கக்கா" தவிர அவர்கள் வாயில் வேறு சொல் வராது. போன தீபாவளிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். தலை முழுக்க நரைத்த விற்பனையாளர் ஒருவர் புடவையை விரித்து, "அக்காவுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்கும்" என்றார். இரண்டு புடவை எடுக்கப் போனவள் ஐந்து எடுத்தாள். பில் கவுண்ட்டர் வரிசையில் மகள் முகம் மட்டும் உம்மென்று இருந்தது.

"என்னடி?"

"அந்தத் தாத்தா என்னையும் அக்காங்கறாரும்மா. நான் என்ன அவ்ளோ வயசாவா தெரியறேன்?"

"தொழில் தெரிஞ்சவங்க கண்ணு தப்பாதுடி" என்றபடி பணத்தை எண்ணிக் கொடுத்தாள் அக்கா.