பை ஒரு வண்டியில், நீங்கள் ஒரு வண்டியில்!

கே: ஒரு பேக்கேஜைப் போடச் சொன்னால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்கிறது பிப். புரோகிராமை ஓட்டினால் 'அப்படி ஒரு மாட்யூலே இல்லை' என்கிறது பைதான். யார் சொல்வது உண்மை?
– கல்லூரி மாணவி, சேலையூர்

ப: இரண்டுமே உண்மை. உங்கள் லேப்டாப்பில் பைதான் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. பிப் ஒன்றில் பார்த்துச் சொல்கிறது, புரோகிராம் இன்னொன்றில் ஓடுகிறது. தாம்பரத்தில் பையை பீச் வண்டியில் ஏற்றிவிட்டு, செங்கல்பட்டு வண்டியில் போய் உட்கார்ந்தால் பை எப்படிக் கைக்கு வரும்? வெறும் 'பிப் இன்ஸ்டால்' வேண்டாம். 'பைதான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று அடியுங்கள். எந்தப் பைதானைக் கூப்பிட்டீர்களோ அதிலேயே இறங்கும். வென்வ், அதாவது ஒரு பிராஜெக்டுக்கென்று தனியாகப் போடும் பைதான் சூழல், வைத்திருந்தால் புது டெர்மினல் திறக்கும்போது அதை மறுபடி ஆக்டிவேட் செய்யவேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கே: வீட்டில் செய்த பிராஜெக்டை வென்வ் ஃபோல்டரோடு பென்டிரைவில் மெப்ஸ் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். ஓடவில்லையே?
– குரோம்பேட்டை வாசகர்

ப: ஓடாது. வென்வுக்குள் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்றொரு கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள். 'ஹோம்' என்ற வரியில் உங்கள் வீட்டு லேப்டாப்பின் பைதான் விலாசம் எழுதியிருக்கும். பிப் முதலான கட்டளைக் கோப்புகளிலும் பழைய விலாசம்தான். அந்த ஃபோல்டரைத் தயங்காமல் அழியுங்கள். கிளம்பும் முன் 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து எடுத்த பட்டியல் மட்டும் கையில் இருந்தால், ஆபீசில் புது வென்வ் போட்டு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். காப்பாற்றவேண்டியது பட்டியலைத்தான்.

கே: 'ஃபோர்ஸ் ரீஇன்ஸ்டால்' கொடுத்தும் அதே எரர். இன்னும் எத்தனை தடவை கொடுப்பது?
– பெருங்களத்தூர் வாசகர்

ப: ஒரு தடவைகூட வேண்டாம், முதலில் 'பிப் செக்' கொடுங்கள். எந்தப் பேக்கேஜுக்கு எது ஒத்துவரவில்லை என்று பெயரோடு சொல்லிவிடும். பதிப்பு எண் குறிக்காமல் திரும்பத் திரும்ப இறக்கினால் தகராறும் திரும்ப இறங்கும். 2024 ஜூனில் நம்பை (NumPy) பேக்கேஜின் 2.0 பதிப்பு வந்தபோது, பழைய 1.x-க்காகக் கம்பைல் செய்த பேக்கேஜ்கள் பல இம்போர்ட் செய்யும்போதே விழுந்தன. அப்போது கைகொடுத்தது, நம்பை 2-க்குக் கீழே போதும் என்று பட்டியலில் எழுதிய ஒரே வரி.

கே: உபுண்டுவில் பிப் மறுக்கிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' கொடுக்கட்டுமா?
– மேடவாக்கம் வாசகர்

ப: பெயரிலேயே 'உடை' என்றிருக்கிறது, கொடுக்காதீர்கள். சிஸ்டத்தின் பைதானை நம்பி உபுண்டுவின் கருவிகளே ஓடுகின்றன. வென்வ் போடுங்கள்.

கே: 'ஓபன்-தமிழ்' பேக்கேஜை இறக்கினேன். அந்தப் பெயரில் இம்போர்ட் ஆகவில்லை. மறுபடி போடவா?
– தமிழாசிரியர், மாடம்பாக்கம்

ப: வேண்டாம் ஐயா. இறக்கும்போது 'ஓபன்-தமிழ்', இம்போர்ட் செய்யும்போது வெறும் 'தமிழ்'. 'தாம்பரம்' என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் நேரே கேளுங்கள், 8 என்னும். கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணும். ஓபன்-தமிழ் எழுத்து பிரித்தால் தா, ம், ப, ர, ம் என்று 5. மாணவர்களுக்கு அவசியம் காட்டுங்கள்.

கேள்வி அனுப்புகிறவர்கள் எரரின் கடைசி வரியையும் பைதான் பதிப்பு எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.