காலிப் பையும் கம்பம் திராட்சையும்: திருவாதவூரார் பயணச் சுமை குறித்த முதற்கட்ட ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் பார்க்கக் கிளம்பும் திருவாதவூர்க்காரர் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று தமிழில் இதுவரை யாரும் முறையாக ஆராயவில்லை. மனைவியே மூட்டை கட்டிவிட்டதால் எனக்கு ஆராய நேரம் கிடைத்தது.

பட்டியல் போடுவது எங்கள் ஊர்க் குணம். இவ்வூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிவிட்டுத்தான் மூச்சுவிட்டார். எங்கள் மாணிக்கவாசகரோ குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னோடு போனார். பொன் கோயில் திருப்பணியில் கரைந்தது, வந்த குதிரைகள் ராத்திரியில் நரிகளாகி ஓடின. ஆகவே பணத்தை ஒரே பையில் வைக்கலாகாது. ஓடிய நரிகள் கம்பம் திராட்சையை நோக்கித்தான் போயின என்பது என் துணிபு. மறுக்கும் சான்று எதுவும் இல்லை, ஆய்வுலகில் இது போதும். மாணிக்கவாசகர் வாழ்ந்தது 3ஆம் நூற்றாண்டா 9ஆம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் இழுபறியில் இருக்கிறார்கள். அவர்களே ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் பத்து நிமிஷம் பிந்தினால் கண்டக்டரிடம் சண்டைக்கு நிற்கிறார்கள்.

இனி பொருள்கள்.

குடை: தேவை.

துண்டு: சுருளி அருவிக்கு ஒன்று, திரும்பும் வழியில் பஸ்ஸில் இடம் போட ஒன்று.

தண்ணீர் பாட்டில்: வேண்டாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் எப்படியும் வைகை வழியாக மேலூர்க் கால்வாய்க்கு நம் பின்னாலேயே வரும்.

கோப்பை: யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தித் தந்ததைப் புறநானூறு 56இல் நக்கீரர் பாடியிருக்கிறார், வைகை முகத்துவாரத்தை அடுத்த அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. ஆற்றின் வாலில் மது வந்திறங்கியது, தலைமாட்டில் திராட்சை விளைகிறது. இடுப்பில் இருக்கும் நமக்கு எவர்சில்வர் டம்ளர் போதும்.

மஞ்சப்பை: இதுவே ஆய்வின் கரு. பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழக்கு. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருஷம் முழுக்கக் காய்ப்பதால் எந்த மாதம் போனாலும் பை கனக்கும். இரண்டு கிலோ வாங்கிப் பையை மடியில் வைப்பதா, காலடியில் வைப்பதா? மடி என்கிறார் என் பெரியம்மா (திண்ணை உரை, இரண்டாம் வெற்றிலை). காலடி என்கிறார் சித்தப்பா (அதே திண்ணை, மூன்றாம் வெற்றிலை, துப்புவதற்கு முன்). பெரியம்மாவின் மறுப்புரை மஞ்சப்பையின் உள்தையலில், பால் கணக்குக்கும் ரேஷன் கணக்குக்கும் நடுவே, பென்சிலில் இருக்கிறது. பாதி துவைத்ததில் போய்விட்டது. எஞ்சிய பாதிக்கு நான் மூன்று உரைகள் எழுதியிருக்கிறேன். மூன்றும் ஒன்றை ஒன்று மறுக்கின்றன.

சித்தப்பா கட்சிப்படி காலடியில் வைத்தேன். வீட்டுக்கு வந்து அகழ்ந்ததில் மூன்று மண்ணடுக்குகள் தெரிந்தன. மேலே முழுப் பழம்: உசிலம்பட்டிக் காலம். நடுவில் வெடித்த பழம்: ஆண்டிபட்டிக் காலம். அடியில் லேசாகப் புளித்து நுரைக்கும் சாறு: சின்னமனூர் வேகத்தடைக் காலம். வைன் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும். காலக்கணிப்புக்கு அனுப்ப எடுத்துவைத்த ஒரே விதையை மகள் மென்றுவிட்டாள்.

பை கொடியில் காய்கிறது. நாலு துவையலாகியும் ஊதா போகவில்லை. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு அடுத்த வெற்றிலையை மடித்துக்கொண்டிருக்கிறார்.