பெட்டி திறத்தலும் திறத்தல் நிமித்தமும்

மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடலுக்கும் திணை வகுத்த நம் முன்னோர், டோக்கியோவின் பிசினஸ் ஹோட்டல் அறைக்கு மட்டும் ஒன்றும் வகுக்காமல் போய்விட்டார்கள். அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் முதற்பொருள். நிலம் என்பது அறையும் அறை சார்ந்த இடமும். பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். சில இடங்களில் 10 இருந்தாலே பெரிது. அறை சார்ந்த இடம் என்று தனியாக ஏதும் இல்லை, கதவைத் திறந்தால் பொது நடைவழி. பெரும்பொழுது, செர்ரி பூக்கும் இளவேனில். வாடகையும் அப்போதுதான் பூக்கும். சிறுபொழுது, பிற்பகல் 3 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை. கொஞ்சம் முன்னதாகப் போய் நின்றால் வரவேற்பில் இருக்கும் பெண் இடுப்பு வரை குனிந்து வணங்குவார். சாவி அட்டை மட்டும் வராது.

கருப்பொருளாவன: மின்கெட்டில், மெல்லிய செருப்பு, மடித்து வைத்த இரவு உடை, 1980இல் டோட்டோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த, தண்ணீர் பீய்ச்சும் கழிப்பறை இருக்கை. அயல்நாட்டுக் கழிப்பறையில் தமிழன் முகம் மலர்வது இந்த ஒன்றில்தான். அது தனி ஆய்வுக்குரியது, இங்கே விரிக்கவில்லை.

உரிப்பொருளில்தான் கருத்து வேறுபாடு. உறங்குதலே என்பர் ஒரு சாரார். பொருந்தாது. என்னை? உறக்கம் யமனோதே ரயிலில் நின்றுகொண்டே வருகிறது. அதற்கு அறை எதற்கு? இத்திணைக்கே உரிய ஒழுக்கம், பெட்டி திறத்தலும் திறத்தல் நிமித்தமுமே.

இதை நிறுவக் கணக்கு தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 செ.மீ. வரை என்பது பல விமான நிறுவனங்களின் விதி. நம்மவர்கள் அதில் ஒரு செ.மீ.யையும் வீணாக்குவதில்லை. ஆகவே பெட்டி 76, 50, 32 என்று வைத்துக்கொள்வோம். இரு பாதியையும் விரித்தால் 76க்கு 100. அறையிலோ இரண்டு மீட்டர் நீளக் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே 60, மிஞ்சினால் 70 செ.மீ. நெடுக்காகப் போட்டாலும் குறுக்காகப் போட்டாலும் பெட்டி விரியாது. இதற்கு மேல் நிரூபணம் வேண்டுவோர் நேரில் சென்று அறிக.

பாதி திறந்து, மூடியைக் கட்டில் ஓரத்தில் சாய்த்து, கையை விட்டுத் துழாவலாமே என்று ஒரு மறுப்பு உண்டு. அவர்கள் பெட்டி அடுக்கும் முறை அறியாதவர்கள். புளிக்காய்ச்சல் பாட்டில் இருப்பது எங்கே? மூன்று பாலித்தீன் பை, அதன் மேல் தினத்தாள், அதன் மேல் ஒரு துண்டு, அதன் மேல் அத்தனை துணியும். பாட்டிலைத் தொட வேண்டுமென்றால் பெட்டி முழுவதும் வெளியே வந்தாக வேண்டும்.

எஞ்சிய ஒரே வெளி வாசலை ஒட்டியது. அங்கே விரித்தால் குளியலறைக்கு வழி அடைபடும். இவ்விடத்தில் சிறிது வரலாறு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குள் ஹோட்டல் நியூ ஒட்டானியைக் கட்டி முடிக்க அவகாசம் போதவில்லை. ஓடு பதித்து, குழாய் இழுத்துக் குளியலறை கட்டுவதற்குப் பதிலாக, ஆலையில் செய்த குளியலறைகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். இன்றைய சிறிய அறைகளில் உள்ளதெல்லாம் அந்த வம்சம். அடியில் குழாய்கள் ஓடுவதால் அதன் வாசலில் ஒரு படி உயர்ந்திருக்கும். எனவே விருந்தினர் பெட்டியை நீளவாக்கில் தாண்டி, தாண்டிய வேகத்திலேயே படியில் உயரவும் வேண்டும். ஒலிம்பிக்குக்காகப் பிறந்த அறைக்கு இது தகும்.

இருவர் தங்கினால் பெட்டியும் இரண்டு, சிக்கல் நான்கு. களஆய்வில் பதிவானது:

"ஏங்க, நான் பெட்டியத் திறக்கணும். கட்டில் மேல ஏறிக்குங்க."

"இப்பத்தானே இறங்குனேன்?"

"அது உங்க பெட்டிக்கு."

குடும்பத் தலைவர் கட்டில் மேல் சம்மணமிட்டு அமர, அவர் மடியில் சேலை, ஸ்வெட்டர், முறுக்கு டப்பா என ஒவ்வொன்றாக வந்து சேரும். கடைசியில் கிடைப்பது தேடிய பொருள் அன்று; போன பயணத்தில் தொலைந்த போன் சார்ஜர்.

கட்டடக்கலைஞர் கிஷோ குரோகாவா 1972இல் டோக்கியோவில் நகாகின் கேப்ஸ்யூல் கோபுரத்தை எழுப்பினார். 140 கூடுகள், ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர மீட்டர். கட்டில், மேசை, குளியலறை என ஒரு மனிதனுக்கு வேண்டியதெல்லாம் சுவரோடு சுவராக அடங்கியிருந்தன. பெரிய மேதை, ஐயமில்லை. ஆனால் அந்த மனிதன் கைவீசி வருவான் என்று நம்பிவிட்டார். 1979இல் ஒசாகாவில் முதல் கேப்ஸ்யூல் ஹோட்டலை வடிவமைத்ததும் அவரே. அவ்வகை விடுதிகளில் ஆள் படுப்பது ஒரு பொந்தில், உடைமை இருப்பது தனி லாக்கரில். ஆளையும் மூட்டையையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது என்ற பேருண்மையை உலகம் அப்போதுதான் ஏற்றுக்கொண்டது என்பது நம் துணிபு. கோபுரம் 2022இல் பிரிக்கப்பட்டது.

தீர்வு ஒன்று உண்டு. யமாட்டோ நிறுவனம் 1976இல் வீடு தேடிப் பார்சல் சேர்க்கும் சேவையைத் தொடங்கியது. முதல் நாள் வந்தவை 11 பார்சல்கள். இன்று பல ஹோட்டல்களின் வரவேற்பு மேசையிலேயே பெட்டியை ஒப்படைத்தால், அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அது தனியாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு சிறு பையோடு கடைசி இரவைக் கழிக்கலாம். இதையும் சோதித்தோம். பெட்டிகள் போயின. அறையில் முதன்முறையாகத் தரை தெரிந்தது. அது சாம்பல் நிறக் கம்பளம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று பார்த்தோம், இடித்துக்கொள்ளவில்லை.

மாலையில் உயெனோ பக்கம், அமேயோகோ சந்தையில் பயணப்பெட்டி விற்கும் ஒரு கடை முன் குடும்பத் தலைவி நின்றார். தள்ளுபடி அட்டை தொங்கியது. நாம் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது:

"சின்னதுதாங்க. அதான் ரூம்ல இப்ப இடம் இருக்கே."