டிவி யாவாரத்துக்குப் போற மாப்ளைக்கு

வா கண்ணு, உக்காரு. டிவியில சாமான் விக்கிற கம்பெனியில உனக்கு வேலை கெடைச்சிருச்சுன்னு உங்கம்மா போன் பண்ணிச் சொன்னா. கோட்டுப் போட்டுட்டு கேமரா முன்னால நின்னு பேசோணுமாமா. நல்லது. பொறந்ததுல இருந்து நீ வாய மூடி நான் பாத்ததில்லை, அதுக்கு ஒருத்தன் சம்பளமே குடுக்கறான்னா சந்தோசந்தானே. ஆனா நீ படிச்ச காலேசுல சொல்லிக் குடுக்காத பாடம் கொஞ்சம் இருக்குது. வயசுக் காலமெல்லாம் மாட்டுத் தரகு பண்ணுனவன் சொல்றேன், காதக் குடு.

மொதப் பாடம், பொய் சொல்லாதே.

எதுக்குச் சிரிக்கறே? நெசமாத்தாஞ் சொல்றேன். பொய் சொல்றவன் கத்துக்குட்டி. எப்பவாவது மாட்டுவான். தெறமைசாலி நெசத்த மட்டுந்தான் பேசுவான். மிச்சத்த வாங்க வந்தவனே சொல்லிக்குவான்.

கண்ணபுரந் தேருக்கு மாட்டுச் சந்தை கூடுமல்லோ, வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து காங்கேயங் காளைதான் வேணும்னு நிப்பான். காங்கேயம்னு சொல்லும்போதே பழையகோட்டை பட்டக்காரரு தொழுவம் அவன் கண்ணுக்குள்ள வந்துரும். எங்கிட்ட நிக்கிற உருப்படி எந்த வம்சம்னு அந்த மாட்டுக்கே தெரியாது. நான் அதைக் காங்கேயம்னு சொல்லவே மாட்டேன். "மாட்டுக்காரருக்கு ஊரு பழையகோட்டைக்குத் தெக்கால ரெண்டே மைலுங்க" அப்படிம்பேன். சத்தியமான வார்த்தை, கோயில்ல சூடம் அடிச்சுச் சொல்லலாம். சொல்லிப்போட்டு வெத்தலை மடிக்கப் போயிருவேன். அந்தாளு மாட்டைச் சுத்திச் சுத்தி வருவான், தானாவே தலைய ஆட்டிக்குவான். துண்டுக்குள்ள வெரலப் புடிக்கறப்ப வெலை ஒரு முட்டு ஏறியிருக்கும். இதுல பொய் சொன்னது ஆரு?

இதைக் காளை மாட்டுல இருந்து கைக் கடியாரத்துக்கு மாத்தறதுதான் உன்ற புது உத்தியோகம்.

உங்க தொழிலோட பூர்வீகம் உனக்குத் தெரியுமா? எம் பேத்தி போன்ல படிச்சுச் சொல்லுவா, நான் கேட்டு வெச்சுக்குவேன். 1977-ல அமெரிக்காவுல ப்ளோரிடாப் பக்கம் கிளியர்வாட்டர்னு ஒரு ஊருல, ரேடியோ ஸ்டேசனுக்கு விளம்பரப் பாக்கி வெச்சிருந்த ஒருத்தன் காசில்லாம, டப்பா மூடி அறுக்குற கரண்டு மிசினு 112-ஐக் கொண்டாந்து எறக்கிட்டுப் போயிட்டான். அதை மைக்குல பேசுற ஆளுகிட்டக் குடுத்து, ஒண்ணு 9 டாலர் 95 சென்ட்டுன்னு விக்கச் சொன்னாங்க. எல்லாம் வித்துப் போச்சு. அதுல இருந்து முளைச்சதுதான் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க். அந்த மிசினுக்குப் பரம்பரை கெடையாது, பாரிசு கெடையாது, ராசா ராணி கெடையாது. மூடிய அறுக்கும், அவ்வளவுதான். உங்க தொழில் அன்னைக்கு எத்தனை வெள்ளந்தியா இருந்திருக்குது பாரு.

அப்பறம் 1986-ல க்யூ.வி.சி.ன்னு ஒண்ணு வந்துச்சு. ஆரம்பிச்சவரு ஜோசப் செகல். இந்த மனுசன் அதுக்கு முந்தி, 1964-ல, பிராங்க்ளின் மின்ட்டுன்னு நெனைவு நாணயம், பதக்கமெல்லாம் அடிச்சு விக்கிற கம்பெனிய ஆரம்பிச்சவரு. அவரு அதை வுட்டுப் போயி ரொம்ப வருசங்கழிச்சு அந்தக் கம்பெனி ஒரு காரியம் பண்ணுச்சு. உன்ற ட்ரெய்னிங்குல இதைச் சொல்லித் தருவாங்களோ என்னமோ, நான் சொல்லிப்போடறேன்.

கென்னடி சம்சாரம் ஜாக்குலின் இருந்தாங்கல்ல, அந்தம்மா மூணு சரத்துல ஒரு முத்துமாலை போட்டிருப்பாங்க. மகன் சின்னக் கொழந்தையா இருக்கறப்ப அதைப் புடிச்சு இழுக்கற போட்டோகூட ஒண்ணு இருக்குது. அத்தனையும் போலி முத்து. அந்தம்மா காலமானப்பறம், 1996-ல நியூயார்க்குல சோத்பீஸ்காரன் சாமானையெல்லாம் ஏலம் போட்டான். மாலைக்கு அவனே போட்ட மதிப்பு 500-ல இருந்து 700 டாலர். ஏலம் போனது 2,11,500 டாலருக்கு! எடுத்தது இந்த பிராங்க்ளின் மின்ட்டுதான். எடுத்து என்ன பண்ணுனான்? அதே அச்சுல மாலை செஞ்சு ஒண்ணு 200 டாலர் சுமாருக்கு வித்தான். லச்சத்துக்கும் மேல வித்துச்சாமா. போலிக்குப் போலி! ஆரும் ஏமாத்தலை பாத்துக்க, ஏலப் பட்டியல்லயே போலி முத்துன்னுதான் போட்டிருந்துச்சு, ஊருலகத்துக்கே தெரியும். தெரிஞ்சேதான் வாங்குனாங்க. இதுல உனக்கு என்ன வெளங்குது? கழுத்துல ஏறுனது முத்தில்லை கண்ணு, கென்னடி ஊட்டுச் சம்பந்தம்.

இந்தச் சம்பந்தத்தத்தான் நீ விக்கோணும். சம்பந்தம் இருக்குதோ இல்லியோ.

கடியாரத்துக்கு வருவோம், உங்காளுக அதைத்தான் மொதல்ல கையில குடுப்பாங்க. "சுவிஸ்"ங்கற சொல்லை எப்படிப் பொழங்கறதுன்னு கத்துக்க. "சுவிஸ் மேட்"னு முகத்துல எழுதறதுக்கு அந்த ஊருச் சட்டம் கெடுபிடி. உள்ள ஓடுற மிசினு சுவிஸ் மிசினா இருக்கோணும், அதை அங்கியே கூட்டுக்குள்ள பொருத்தோணும், கடைசிப் பரிசோதனையும் அங்கியே நடக்கோணும், 2017-ல இருந்து தயாரிப்புச் செலவுல நூத்துக்கு 60-ஆவது அங்கியே ஆகியிருக்கோணும். ஆனா "சுவிஸ் மூவ்மென்ட்"னு ஒண்ணு இருக்குது பாரு, அது உள்ள இருக்கற மிசினுக்கு மட்டுந்தான் பேசுது. கூடு, பட்டை, கண்ணாடியெல்லாம் எந்தச் சீமையில இருந்தும் வந்திருக்கலாம். அதனால நீ "சுவிஸ் மூவ்மென்ட்"னு அழுத்திச் சொல்லு. அந்தச் சமயத்துக்குத் தெரையில பனிமலை ஒண்ணு ஓடட்டும். மலைக்கும் கடியாரத்துக்கும் என்ன சம்பந்தம்னு எவனும் கேக்க மாட்டான், மலையும் வாயத் தொறந்து சொல்லப் போறதில்லை.

இன்னொரு சூட்சுமம், செத்துப் போன பேரு. 1969 கடைசியில ஜப்பான்ல சீக்கோக்காரன் குவார்ட்ஸ் கைக்கடியாரத்த எறக்குனான். அடுத்த பத்துப் பதினஞ்சு வருசத்துல சுவிஸ் கடியாரத் தொழில்ல மூணுல ரெண்டு பங்கு வேலை போச்சு. பேர் போன கம்பெனியெல்லாம் பொசுக்குனு படுத்துருச்சு. ஆனா பேரு சாகாதல்லோ? காசு குடுத்தா வாங்கிக்கலாம். இன்விக்டான்னு ஒண்ணு, 1837-ல சுவிட்சர்லாந்துல பொறந்தது. 1991-ல அமெரிக்கக்காரங்க அந்தப் பேரை எடுத்துத் தூக்கி நிறுத்துனாங்க. இப்ப அதுக்குத் தலைமையிடம் ப்ளோரிடா, அந்த நாட்டு டிவி ஷாப்பிங்குல அது பெரிய கையா வளந்துச்சு. சட்டத்துல ஒரு குத்தமுமில்லை, காசு குடுத்து வாங்குன பேரு அவங்களுக்குச் சொந்தம். பாக்கறவன் மட்டும் 1837-ங்கற நெம்பரைப் பாத்து, எவனோ தாத்தன் பூதக்கண்ணாடி வெச்சு இந்தக் கடியாரத்தையே உக்காந்து பண்ணுனான்னு நெனச்சுக்குவான். நெனக்கட்டும். ஆரம்பிச்ச வருசத்தக் கேட்டா டக்குனு சொல்லு. கை மாறுன வருசத்தக் கேட்டா, "சார், கலரு நாலு இருக்குது"ன்னு பேச்ச மாத்து.

உசுரோட இருக்கறவங்க பேரையும் இப்படிக் கொண்டு போலாம். பாரிசுல துணி தெச்சுப் பேரெடுத்த பியர் கார்டின், உசுரோட இருந்தப்பவே தம் பேரைப் போட்டுக்க 800-க்கு மேல லைசென்ஸ் குடுத்து வெச்சிருந்தாரு. பேனாவுல இருந்து பெட்டி வரைக்கும் அவரு பேருதான். அவராவது தம் பேரை வித்தாரு, காசு வாங்குனாரு. நம்மூரு காம்போவுல வர்ற சென்ட்டு பாட்டல்ல இருக்கற பிரெஞ்சுப் பேரு எந்தச் சீமைக்காரனோடதுன்னு அந்தப் பாட்டலை ரொப்புனவனுக்குத்தான் வெளிச்சம்.

கல்லு நகை குடுத்தாங்கன்னா சோலி சுலுவு. அமெரிக்கன் டயமண்டுன்னு சொல்லிட்டுப் போ. கியூபிக் சிர்கோனியா அது. வைரங்கறது கார்பன், இது சிர்கோனியம் ஆக்சைடு. உலையில வளத்து அறுக்கறது. அமெரிக்காவுல டிவிக்காரங்க அதுக்கு டயமோனிக்குன்னு பேரு வெச்சு வருசக்கணக்கா விக்கறாங்க, பேர்லயே பாதி வைரம் வந்துருது பாரு. அதே அளவு வைரத்தவிட அந்தக் கல்லு ஒன்றரை மடங்குக்கு மேலயே கனம். கேரட் நெம்பரு பெருசா வரும், வாய் நெறையச் சொல்லலாம்.

வெலை சொல்றதுதான் நாடகத்துக்கே உச்சக் கட்டம், இதை அவசரப்பட்டுக் கெடுத்துப்போடாதே. மொதல்ல 7,999-ங்கற எம்.ஆர்.பி.யக் காட்டோணும். காட்டி, அதும்மேல செவப்புல ஒரு கோடு இழுக்கோணும். அப்பறம் 1,499. எம்.ஆர்.பி. அடிக்கறது ஆருன்னு நெனச்சே? சர்க்காருன்னா? மாத்திரை மருந்து மாதிரிச் சிலதுக்குத்தான் சர்க்காரு உச்சவரம்பு போடும். மத்ததுக்கெல்லாம் சாமான் பண்றவனும் எறக்குமதி பண்றவனும் அவன் அவன் இஷ்டத்துக்கு அடிச்சுக்கறதுதான். அதுக்கு மேல விக்கக் கூடாதுன்னுதான் சட்டமே ஒழிய, அதை இவ்வளவுதான் அடிக்கோணும்னு இல்லை. அடிச்ச வெலைக்கு எவனாவது ஒருத்தனாவது என்னைக்காவது வாங்குனானான்னு கேட்டுப்போடாதே, வேலை போயிரும். கோட்டைப் போட்டது நீங்க, அடிச்சதும் உங்க ஆளு. மிச்சம் புடிச்சது மட்டும் அவன்! சந்தையில எனக்கு இந்தச் செவப்புக் கோடு வாய்க்கலியேன்னு இப்பவும் ஒரு ஏக்கந்தான்.

கடியார முள்ளு ஓடோணும், "இன்னம் பத்தே நிமிசம், ஸ்டாக் தீரப் போகுது"ன்னு நீ மூச்சு வாங்கோணும். இதுல மட்டும் கொஞ்சம் சூதானம். 2022-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நாப்டால்ங்கற டிவி யாவாரக் கம்பெனிக்கு 10 லச்சம் அபராதம் போட்டுச்சு. ரெண்டு தங்க நகை செட்டுன்னு காட்டுன விளம்பரம், காந்த முட்டிப் பட்டை, அக்குபிரஷர் செருப்பு, இதெல்லாம் சனத்தத் தப்பா நெனக்க வெக்குதுன்னு தீர்ப்பு. அதோட, முன்னாடியே புடிச்சு வெச்ச நிகழ்ச்சியில இல்லாத தட்டுப்பாட்டை உண்டாக்காதே, இது பதிவு பண்ணுனதுன்னு பளிச்சுனு போடுன்னும் உத்தரவு. என்னைக்கோ புடிச்ச படத்துல "இன்னம் பத்தே நிமிசம்"னா எந்தப் பத்து நிமிசமப்பா அது? நீ பேசுன பத்து நிமிசம் அடுத்த ஐப்பசி வரைக்கும் ஓடும். பாத்தியா, வாயத் தொறந்து "தங்கம்"னு போட்டா மாட்டிக்குவே. அதனாலதான் சொன்னேன், பொய் சொல்லாதேன்னு. தட்டு நெறைய மஞ்ச வெளிச்சம், பட்டுச்சேலை கட்டுன புள்ளை, பின்னால நாதஸ்வரம். தங்கங்கற வார்த்தைய ஊட்டுல உக்காந்து பாக்கறவ சொல்லிக்குவா. "கோல்டு பிளேட்டடு"ங்கறத எறும்பு படிக்கற அளவுல கீழ போட்டுட்டாப் போச்சு.

இன்னொண்ணும் கேட்டுக்க. 2019 சட்டப்படி மொதத் தப்புக்கு 10 லச்சம், மறுபடி பண்ணுனா 50 லச்சம் வரைக்கும் போடலாம். சாமானு பண்ணுனவனுக்கு மட்டுமில்லை, அதைத் தூக்கிப் புடிச்சு நல்லதுன்னு சொல்றவனுக்கும் சேத்தித்தான். ஒரு வருசம் எதுக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு தடைகூடப் போடலாம். ஒரு வருசம்! நீ ஒரு மணி நேரந் தாங்க மாட்டே.

அப்பறம் போன்ல வர்ற ஆளுகளப் பத்திச் சொல்லோணும். நூத்துக்குத் தொண்ணூறு பேரு நல்ல சனம், கலரு மட்டும் கேப்பாங்க. மிச்சப் பத்துப் பேருகிட்டத்தான் உசாரா இருக்கோணும். ஒருத்தி கேப்பா, "அட்டையில எறக்குமதி பண்ணுனவன் பேரும் வெலாசமும் படிச்சுச் சொல்லு தம்பி, எந்த நாட்டுச் சரக்குன்னு போட்டிருக்குது?"ன்னு. அதெல்லாம் பொட்டலத்து மேல இருந்தே தீரோணும்னு விதி, அந்தப் பாவிக்கு அது தெரிஞ்சிருக்கும். இன்னொருத்தி, "நகையில ஹால்மார்க் இருக்குதா, ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. நெம்பரச் சொல்லு, பி.ஐ.எஸ். கேர் ஆப்புல போட்டுப் பாக்கறேன்"னு நிப்பா. மூணாமத்தவன், அதே கடியாரத்த அதே பேர்ல கடையில என்ன வெலைக்கு வெச்சிருக்கான்னு இன்னொரு போன்ல பாத்துட்டே உங்கிட்டப் பேசுவான். பெட்டி ஊட்டுக்கு வந்தா, அதைப் பிரிக்கறதையே வீடியோ புடிக்கறவங்களும் இருக்கறாங்க, சாமான் மாறி வந்தாக் காட்டறதுக்காமா. இந்த மாதிரி ஆளுக வந்தா "சிக்னல் சரியில்லை"ன்னு வெச்சுரு. இவங்களால எத்தனையோ நல்ல யாவாரம் கெட்டுப் போயிருக்குது. ஊரு பூராம் இப்படிக் கேக்க ஆரம்பிச்சாங்கன்னா, நீ திரும்ப அந்த டப்பா மூடி அறுக்கற மிசினையே விக்க வேண்டியதுதான், அது அறுக்குதான்னும் காட்ட வேண்டியதுதான்.

போயிட்டு வா. கோட்டுக்குள்ள வேர்க்கும், துண்டு ஒண்ணு வெச்சுக்க. கெளம்பறதுக்கு முந்தி ஒரே ஒரு ஒத்தாசை பண்ணோணும் மாப்ளே. உன்ற அத்தை பொழுதுக்கும் அந்தச் சேனலு முன்னாலயேதான் உக்காந்திருக்கறா. நீ தெரையில வந்தீன்னா, என்ன விக்கறேன்னுகூடப் பாக்க மாட்டா, எம் மருமவன் சொல்றான்னு ரெண்டா ஆர்டர் போட்டுருவா. அவ நெம்பரு வந்துச்சுன்னா மட்டும் ஸ்டாக் தீந்துருச்சுன்னு சொல்லிப்போடு.