காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு

1968 ஜூனில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. ஓடு வேய்ந்த கட்டடம், வாசலில் ஒரு புங்கமரம். பெரிய வாத்தியார் நாற்காலியை விட்டு எழவில்லை. “வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடுடா” என்றார். என் விரல் நுனி காதுமடலில் பட்டது. “எட்டுது, சேத்துக்கலாம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்தார்.

பிறந்த தேதி கேட்டபோது அம்மா, “ஆடிப்பெருக்குக்கு மறுநாளுங்க” என்றாள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஐந்து வயது நிரம்ப இரண்டு மாதம் குறைந்தது. அதற்காக ஒரு வருஷம் வீணாக வேண்டாம் என்று, ஜூன் 1 என எழுதிக்கொண்டார். என் வயதுக்காரர்கள் பலருக்குச் சான்றிதழில் பிறந்த நாள் மே, ஜூனில் வருவது இப்படித்தான். நான் பணி ஓய்வு பெற்றதும் அந்தத் தேதிப்படியே.

காது எட்டாத பிள்ளைகளும் அன்று வந்திருந்தார்கள். “அடுத்த வருஷம் கூட்டிட்டு வாம்மா” என்று அனுப்பினார். அந்தப் பிள்ளைகளை மந்தம் என்று யாரும் சொல்லவில்லை. கை இன்னும் வளரவில்லை, வளர்ந்துவிடும், அவ்வளவுதான் பேச்சு. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு நிறுத்துப் பார்க்கும் சோதனையாக அது இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளே போனபின் பிரம்படி உண்டு. என்னோடு சேர்ந்த பெண் பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனார்கள். ஆனால் வாசலில் யாரையும் சலித்து எடுக்கவில்லை.

இப்போது என் பேத்திக்கு மூன்றரை வயது. சென்னையில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். டிசம்பரிலிருந்தே வீட்டில் பயிற்சி. நிறம், வடிவம், விலங்கு, வாகனம் என்று சுவர் முழுக்க அட்டைகள். சாப்பிடும்போது வட்டம் எது, சதுரம் எது என்று கேள்வி. குளிக்கும்போது ரைம்ஸ். உள்ளே போனதும் “குட் மார்னிங் மேம்”, மேஜை மேல் உள்ளதைத் தொடக் கூடாது, மூக்கில் விரல் கூடாது, கேட்டால் மட்டும் பேச வேண்டும். என் மகளும் மருமகனும் தங்களுக்கும் தனியாகப் பாடம் படித்தார்கள். குழந்தையோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள், ஏன் இந்தப் பள்ளி, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பவை எதிர்பார்த்த கேள்விகள்.

பேத்தி என் தோளை விட்டு இறங்காததால் என்னையும் உள்ளே விட்டார்கள். அறையின் மூலையில் ஒரு மீன்தொட்டி. ஆசிரியை அன்பாகவே பேசினார். மரக்கட்டைகளைக் கொட்டி, சிவப்பை மட்டும் எடுக்கச் சொன்னார். குழந்தை இரண்டு எடுத்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தாள். பிறகு, “மீன் தூங்குமா?” என்று கேட்டாள். ஆசிரியை புன்னகைத்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்தார். மகளின் கை மேஜைக்கு அடியில் குழந்தையின் முழங்காலை அழுத்தியது. அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை. அன்று அந்த அறையில் கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அவளுடையதுதான் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். மீன்கள் ஓய்வெடுக்கும்; பெரும்பாலான மீன்களுக்கு மூட இமை கிடையாது. வீட்டுக்கு வந்து நான் பதில் சொன்னேன். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்தத் தேர்வு முறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. குலுக்கலுக்கு மட்டும்தான் அனுமதி. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. ஆனால் சட்டம் குழந்தை என்று சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. மழலையர் வகுப்பு அதற்குள் வராது என்று வாதிட அந்த வரி இடம் கொடுக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு உள்ள பாதுகாப்பு மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இல்லாமல் போவது எனக்கு ஏற்கவே முடியாத நியாயம். சின்னதற்குத்தானே கூடுதல் காவல் வேண்டும்?

சட்டம் திருந்தும்வரை நேர்காணலுக்குப் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். இடத்துக்கு அலைகிற பெற்றோரின் பயம் எனக்குப் புரியும். அவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில உண்டு. முந்தைய இரவு குழந்தையை நன்றாகத் தூங்க விடுங்கள். வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள், போகுமுன் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். பழகிய சட்டையையே போடுங்கள். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி உறுத்தினால் எந்தக் குழந்தையும் சிணுங்கும். கேள்வியைக் குழந்தையிடம் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அது பேசாவிட்டால், புது இடம், கூச்சப்படுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களுக்குத் தெரியாத ஆங்கிலத்தை அன்றைக்கென்று வரவழைக்க வேண்டாம். மிக முக்கியமாக, திரும்பும் வழியில் “ஏன் சொல்லல?” என்று கேட்காதீர்கள். தான் எதிலோ தோற்றுவிட்டதாக மூன்றரை வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரியவே கூடாது.

ஒன்றாம் வகுப்புக்கே நேர்காணல் என்று ஒரு பள்ளி கூப்பிட்டால் மட்டும் பேசாமல் இருக்காதீர்கள். எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுதுங்கள்.