முதல் வகுப்பு இலவசம்

ஆறு வயதுப் பேத்திக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று பேச்சு எழுந்த அன்றே எங்கள் வீட்டில் தேர்வுக் குழு அமைந்துவிட்டது. பையன் தலைவர். மருமகள் செயலாளர். என் மனைவி வீட்டோ அதிகாரம் பெற்ற உறுப்பினர். நான் டிரைவர். யாருக்காக இத்தனை ஏற்பாடோ அவள் சோபா கைப்பிடியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து கைப்பிடிக்கும் தாவிக்கொண்டிருந்தாள். "சும்மா உட்காரு, உனக்கு என்ன விளையாட்டுன்னுதானே பேசிட்டிருக்கோம்" என்று அதட்டினான் பையன்.

அவன் டைகர் உட்ஸ் கட்சி. 1978இல், மூன்று வயது நிறைவதற்குள் டெலிவிஷனில் வந்து கோல்ஃப் ஆடிக் காட்டிய பிள்ளை. "இப்பவே லேட்" என்பது அவன் வாதம். மருமகள் ஃபெடரர் கட்சி. அவர் சின்ன வயதில் கால்பந்து, கூடைப்பந்து, டேபிள் டென்னிஸ் என்று கிடைத்ததையெல்லாம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் டென்னிஸில் குடியேறினாராம். அதோடு விடாமல், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் சொன்னதையும் போனில் எடுத்துக் காட்டினாள்: 15, 16 வயதுவரை பிள்ளையை ஒரே விளையாட்டில் கட்டிப்போடாதீர்கள். தலைவர் பேச்சை மாற்றிக் காபி கேட்டார்.

என் மனைவிக்குக் கட்சி இல்லை, கொள்கை உண்டு. வெயில் கூடாது, தண்ணீர் கூடாது, விழக் கூடாது. மூன்றிலும் தேறியது செஸ் மட்டும்.

சென்னையில் இருந்துகொண்டு செஸ்ஸை மறுத்துப் பேச முடியுமா? 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட்; வேட்டி கட்டிய குதிரை ஊரெல்லாம் கும்பிடு போட்டு நின்றது, நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். 2024 டிசம்பரில் குகேஷ், 18 வயதில் உலக சாம்பியன். டிவி பார்ப்பதைக் குறைக்க வைஷாலியை செஸ்ஸில் சேர்த்தார்கள், பின்னாலேயே தம்பி பிரக்ஞானந்தாவும் வந்தார் என்கிற கதை எங்கள் அடுக்ககத்தில் தெரியாத ஆள் கிடையாது. எங்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. போனோம்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செஸ்ஸில் மூச்சு வாங்கியது எனக்குத்தான். வகுப்பு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பேத்தி இரண்டு குதிரைகளையும் எடுத்து மேஜை ஓரமாகப் பந்தயம் விட்டாள். யானை ஏன் மூலையிலேயே நிற்கிறது, அதற்குக் கால் வலிக்காதா என்று மாஸ்டரைக் கேட்டாள். அவர் நல்ல மனிதர். "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்றார்.

பிறகு ஸ்கேட்டிங். தலைக்கு, முழங்கைக்கு, முழங்காலுக்கு என்று கவசம் மாட்டி முடிப்பதற்குள் வகுப்பில் பாதி போய்விடுகிறது. ஆறு வயதில் பாதம் வளரும் வேகத்தைப் பார்த்தால் அந்தச் சக்கர ஷூவை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். கராத்தேயில் பெல்ட் வண்ணம் மாறும்போதெல்லாம் ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு ஃபீஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜூடோவில் கறுப்பு பெல்ட்டைக் கொண்டுவந்தவர் ஜிகோரோ கானோ. நடுவில் இத்தனை வண்ணம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அவர்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்திருக்கும். நீச்சலை மட்டும் நான் இந்தப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். அது சாலையைக் கடக்கத் தெரிவது மாதிரி; பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு விஷயத்தில் மனைவியின் வீட்டோவை மீறினோம். இரண்டு நாள் வீட்டில் ரசம் மட்டும்தான்.

வகுப்பு வாசல்களில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பார்த்தேன், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. உடல்வாகு, திறமை, ஆர்வம் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. "இங்கதான் வண்டி நிறுத்த இடம் இருக்கு" என்றார் ஒருவர். "அஞ்சரைக்கு ஹிந்தி, ஆறரைக்கு அபாகஸ், நடுவுல இது ஒண்ணுதான் பொருந்துச்சு" என்றார் ஒரு பாட்டி. ஊரில் எங்களுக்கு விளையாட்டை யாரும் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. திடீரென்று ஒருநாள் தெரு முழுக்கப் பம்பரமாக இருக்கும். இன்னொரு நாள் எல்லார் டவுசர் பையிலும் கோலி கிலுங்கும். அறிவித்தது யார் என்று இன்றுவரை புரியவில்லை.

ஒரு விஷயம் போகப் போகத்தான் கண்ணில் பட்டது. எந்த வகுப்பானாலும் முதல் பத்து நிமிடம் பேத்தி பரம சந்தோஷமாக இருக்கிறாள். அது வார்ம்-அப். மைதானத்தைச் சுற்றி ஓடு, தவளை மாதிரி குதி, ஒற்றைக் காலில் நொண்டு. அது முடிந்து மட்டையோ பந்தோ கைக்கு வந்ததும், "தாத்தா, விளையாட்டு முடிஞ்சிடுச்சா?" என்று என்னிடம் ஓடி வந்துவிடுவாள். முக்கால்வாசி இடங்களில் முதல் வகுப்பு இலவசம் வேறு. நானும் அவளும் ரகசியமாக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பேட்மின்டன், ஜிம்னாஸ்டிக்ஸ், கூடைப்பந்து என்று ஊரில் உள்ள வார்ம்-அப் எல்லாம் ஓடி முடித்தாள். "எல்லாத்தையும் ஆடிப் பார்க்கட்டும்னு நீதானேம்மா சொன்னே" என்றேன் மருமகளிடம். "ஃபெடரர் ஃபீஸ் கட்டியிருப்பார் மாமா" என்றாள்.

கடைசியில் பூங்காவில் சிலம்பம். கேலோ இந்தியா போட்டிகள் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோது காட்சி விளையாட்டாக மேடையேறியதிலிருந்து மாஸ்டருக்குக் கூட்டம் சேர்ந்திருக்கிறது. "கம்பு அப்புறம். மொதல்ல காலடி பழகணும்" என்றார். முன்னால் வை, பின்னால் எடு, திரும்பிக் குதி. முழு வகுப்பும் வார்ம்-அப்! பேத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

வீட்டிலும் ராத்திரி காலடிப் பயிற்சி நடக்கிறது, கையில் ஒட்டடைக் கம்போடு. சோபா மேல் ஏறி அவள் சுழற்றியதில் ஹாலில் நூலாம்படை காணாமல் போனது. மனைவி வீட்டோவை வாபஸ் வாங்கிக்கொண்டார். போன வாரம் கீழ்வீட்டுக்காரர், கூரை அதிருகிறது என்று சண்டைக்கு வந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்: "எங்க பையனுக்கும் அஞ்சு வயசாகுது சார். முதல் வகுப்பு இலவசம்தானே?"